கெட்டில், ஐஸ், முட்டை: பிரிட்டனும் அமெரிக்காவும் சாப்பிடும் விதம்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம். ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு, பால், முட்டை ஆகியவைதான் இரண்டு நாட்டிலும் அன்றாடச் சாப்பாட்டுக்கு அடிப்படை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சமையல் என்றுதான் தோன்றும். படிப்புக்கோ வேலைக்கோ போய் இறங்கியவர்களுக்குத்தான் வேறுபாடு பிடிபடும். லண்டன் சூப்பர் மார்க்கெட்டில் முட்டை சாதாரண அலமாரியில் அடுக்கியிருக்கும். நியூயார்க்கில் அது குளிர்பெட்டிக்குள் இருக்கும். லண்டனில் டீ கேட்டால் சூடாகப் பால் விட்டு வரும். அட்லாண்டாவில் டீ கேட்டால் ஐஸ் மிதக்கும் கண்ணாடி டம்ளர் வரும்.

இதையெல்லாம் 'அந்த நாட்டுக்காரர் சுபாவம்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் சுபாவத்துக்கு இதில் பங்கு குறைவு. சுவரில் உள்ள மின்சாரம், செடிக்கு வந்த நோய், போர்க்கால ரேஷன், சம்பளச் சட்டம் என்று ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாலும் ஏதோ ஒரு சூழல் இருக்கிறது. முக்கியமான சிலவற்றைப் பார்க்கலாம்.

டீக்கு முன்னால் கெட்டில்

பிரிட்டனில் விருந்தாளி வந்தாலும், சண்டை நடந்தாலும், துக்கச் செய்தி வந்தாலும் முதலில் நடப்பது கெட்டிலைப் போடுவதுதான். கொதித்த தண்ணீரை டீ பேக்கின் மேல் ஊற்றுவார்கள். சில நிமிடம் ஊறவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் கொஞ்சம் விடுவார்கள். நம்மைப்போலப் பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்கவிடுவதில்லை. அதனால் நல்ல டீக்கு வேண்டியது வேகமாகக் கொதிக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

அந்த வேகத்தை அவர்கள் வீட்டு மின்சாரம் தருகிறது. பிரிட்டனில் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு சாதாரண பிளக்கிலிருந்து 3,000 வாட் வரை எடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் இரண்டு நிமிடத்தில் கொதித்துவிடும். அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக்கில் 120 வோல்ட்தான். அங்கே கெட்டில்கள் பெரும்பாலும் 1,500 வாட். அதே தண்ணீருக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதனால் பல அமெரிக்க வீடுகளில் மின்சாரக் கெட்டிலே இருக்காது. டீ குடிக்க ஆசை வந்தால் கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்குகிறார்கள். பிரிட்டன்காரர்களுக்கு இதைக் கேட்டாலே பொறுக்காது.

அங்கே கெட்டில் எவ்வளவு பரவலானது என்பதை மின்வாரியக் கணக்கே சொல்லும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு நாட்டின் மின்தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. டிவி முன்னால் இருந்து எழுந்த மக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கெட்டிலைத் தட்டியது அதற்கு முக்கியக் காரணம்.

அமெரிக்கா ஏன் காப்பிப் பக்கம் போனது? வழக்கமாகச் சொல்லப்படும் கதை, 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் வரிக்கு எதிராக 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய சம்பவம். தேயிலையை ஒதுக்குவது தேசபக்தி என்ற எண்ணம் அப்போது பரவியது உண்மை. ஆனால் கோபம் ஒன்றே தலைமுறை தலைமுறையாக ஒரு பழக்கத்தைத் தாங்காது. காப்பி விளையும் பிரேசிலும் கரீபியன் தீவுகளும் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருந்தன. உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வீரர்களுக்குக் காப்பி ரேஷனாகவே வழங்கப்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடுதான் திரும்பினார்கள்.

பிரிட்டன் டீயில் தமிழர் உழைப்பும் உண்டு. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். 1890இல் தாமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கி, மலிவு விலை டீயைப் பிரிட்டனின் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுபோனார்.

ஐஸ்: பாஸ்டனிலிருந்து மெரினா வரை

அமெரிக்க ஹோட்டலில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அதில் பாதிக்கு மேல் ஐஸ். கோலா வாங்கினாலும் அப்படித்தான். பிரிட்டனில் தண்ணீரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், வந்தாலும் ஓரிரு ஐஸ் கட்டிதான் இருக்கும்.

இந்த ஐஸ் மோகத்துக்கு வயது இருநூறைத் தாண்டும். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பும் வியாபாரத்தை 1806இல் தொடங்கினார். 1833இல் அவருடைய ஐஸ் கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னைக்கும் வந்தது. அதைச் சேமித்துவைக்க 1842இல் கட்டியதுதான் மெரினா கடற்கரை எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

அமெரிக்காவிலேயே ஐஸ் மலிந்துபோனதால் வீடுகளில் ஐஸ் பெட்டி சாதாரணமானது. பிறகு வந்த ஃப்ரிட்ஜையும் அவர்கள் சீக்கிரமே வாங்கினார்கள். பிரிட்டனில் 1950களில்கூடப் பெரும்பாலான வீடுகளில் ஃப்ரிட்ஜ் கிடையாது. கோடை குறைவு, வீடு சிறிது, கடை பக்கத்தில். பாலைக் குளிர்ச்சியான ஓர் அறைக்குள் வைத்தாலே போதுமானதாக இருந்தது. இன்றும் அமெரிக்க ஃப்ரிட்ஜ் ஆளுயரத்துக்கு இரட்டைக் கதவோடு நிற்கும். பிரிட்டனின் பழைய சிறிய வீடுகளில் அது சமையல் மேடைக்குக் கீழே அடங்கியிருக்கும். காரில் போய் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குவதும், இரண்டு நாளைக்கு ஒருமுறை நடந்துபோய் வாங்குவதும் இந்த அளவைப் பொறுத்த விஷயங்கள்தான்.

டீயும் இந்த ஐஸிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவில் குடிக்கும் தேநீரில் பெரும்பகுதி ஐஸ் போட்டது. ஜார்ஜியா, அலபாமா போன்ற தென் மாநிலங்களில் நிறையச் சர்க்கரை கரைத்த 'ஸ்வீட் டீ' தினசரிப் பானம்.

காலைத் தட்டு

பிரிட்டனின் 'ஃபுல் இங்கிலீஷ்' காலை உணவில் முட்டை, பேக்கன், சாசேஜ், வாட்டிய தக்காளி, காளான், டோஸ்ட், தக்காளி சாஸில் ஊறிய பீன்ஸ் எல்லாம் ஒரே தட்டில் வரும். பல இடங்களில் பன்றி இரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங்கும் இருக்கும். இனிப்புக்கு அதில் இடமில்லை. அமெரிக்கத் தட்டில் பான்கேக்கும் மேப்பிள் சிரப்பும் உப்புப் பேக்கனும் அடுத்தடுத்து இருக்கும். சிரப் வழிந்து பேக்கனில் பட்டால் யாரும் கவலைப்படமாட்டார்கள். பேக்கனும் ஒன்றல்ல. பிரிட்டனில் பன்றியின் முதுகுப் பகுதி, கொழுப்புக் குறைவு. அமெரிக்காவில் வயிற்றுப் பகுதி, மொறுமொறுப்பாகும்வரை வறுத்தது.

பிரிட்டனின் தேசிய உணவுபோல நிற்கும் டின் பீன்ஸ் உண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஹைன்ஸ் நிறுவனம் 1886இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் தன் பொருள்களை விற்கத் தொடங்கியது. பிரிட்டன் அந்த பீன்ஸைக் காலை டோஸ்ட் மேல் ஏற்றிவிட்டது. அமெரிக்கர்களோ வெல்லப்பாகும் பன்றி இறைச்சியும் சேர்த்து பீன்ஸை இனிப்பாக்கி, பார்பிக்யூவுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

வேலை நாட்களில் இரண்டு நாட்டிலும் இவ்வளவு சமைக்க நேரம் கிடையாது. சீரியல், டோஸ்ட், கையில் ஒரு காப்பி, அவ்வளவுதான். அந்தச் சீரியல் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் சுகவாச நிலையத்தில் கெல்லாக் சகோதரர்கள் நோயாளிகளுக்காகச் செய்துபார்த்த சைவ உணவிலிருந்து பிறந்தது. டோஸ்ட்டில் அமெரிக்கக் குழந்தை வேர்க்கடலை வெண்ணெய் தடவும். பிரிட்டன் குழந்தை ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கருப்பான, உப்பான மார்மைட்டைத் தடவும், அல்லது அதைப் பார்த்ததும் ஓடும்.

முட்டையைக் கழுவலாமா?

முட்டை ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கிருமி உள்ளே புகாமல் அது தடுக்கும். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் முட்டைகளைப் பண்ணையிலிருந்து வந்ததும் வெந்நீரில் கழுவிச் சுத்தம் செய்கிறார்கள். அழுக்கும் கிருமியும் போகும், கூடவே அந்தப் பூச்சும் போய்விடும். அதனால் கழுவிய முட்டையைக் கடைவரை, வீடுவரை குளிரிலேயே வைத்தாக வேண்டும். 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே விதி.

பிரிட்டனில் விதி நேர் எதிர். கடையில் விற்கும் முதல்தர முட்டையைக் கழுவவே கூடாது. பூச்சு அப்படியே இருக்கட்டும், கூண்டைச் சுத்தமாக வை என்பது அங்குள்ள அணுகுமுறை. இதற்குப் பின்னால் ஒரு பெரிய பீதி இருக்கிறது. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணை அமைச்சராக இருந்த எட்வினா கரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மொனெல்லா கிருமி இருப்பதாகச் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது, அவர் பதவி விலக வேண்டிவந்தது. பிறகு 1998 முதல் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, ஓட்டில் சிங்க முத்திரை பதிக்கும் திட்டம் வந்தது. சிங்க முத்திரை உள்ள முட்டையை ஹாஃப் பாயிலாகக் கர்ப்பிணிகளும் சாப்பிடலாம் என்று 2017இல் பிரிட்டன் உணவுத் தர அமைப்பு அறிவித்தது.

இரண்டு முறையுமே பாதுகாப்புக்குத்தான். கலந்துவிடுவதில்தான் சிக்கல். கழுவிய முட்டையை வெளியே வைக்கக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஊதா நிறத்தின் ருசி

ஊதா நிற மிட்டாயை வாயில் போட்டால் என்ன ருசி? அமெரிக்கக் குழந்தை திராட்சை என்று சொல்லும். பிரிட்டன் குழந்தை பிளாக்கரன்ட் என்று சொல்லும். ஒரே நிறுவனத்தின் மிட்டாயைக்கூட இரண்டு நாட்டிலும் இப்படி மாற்றித்தான் விற்கிறார்கள்.

பிளாக்கரன்ட் சிறிய, புளிப்பான, கருநீலப் பழம். அது விளையும் புதர், வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் ஒரு துரு நோய்க்கு இடைத்தங்கல். ஐரோப்பாவிலிருந்து அந்த நோய் அமெரிக்காவில் நுழைந்தபோது மரத் தொழிலைக் காக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாக்கரன்ட் வளர்ப்பதற்கே தடை போட்டார்கள். புதர்களைத் தேடிப்போய்ப் பிடுங்கினார்கள். மத்திய அரசின் தடை 1966இல் விலகியது. நியூயார்க் மாநிலத் தடை 2003 வரை நீடித்தது. அதற்குள் ஊதா என்றால் திராட்சை என்று அமெரிக்காவில் பதிந்துவிட்டது.

அதே காலத்தில் பிரிட்டனில் நடந்தது தலைகீழ். 1938இல் ரிபீனா என்ற பிளாக்கரன்ட் பானம் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஆரஞ்சுக் கப்பல்கள் வருவது அரிதாகிவிட்டது. உள்நாட்டில் விளையும் பழங்களில் வைட்டமின் சி நிறைந்தது பிளாக்கரன்ட். அதன் சிரப்பை அரசே சிறு குழந்தைகளுக்கு வழங்கியது. ஒரு தலைமுறையே அந்த ருசியில் வளர்ந்தது.

பதினான்கு வருட ரேஷன்

இரண்டு நாட்டுச் சாப்பாட்டையும் பிரித்ததில் போருக்கு நிகரான காரணம் வேறில்லை. பிரிட்டனில் 1940 ஜனவரி 8 அன்று உணவு ரேஷன் தொடங்கியது. ஒரு பெரியவருக்கு வாரத்துக்குச் சுமார் 57 கிராம் வெண்ணெய், 57 கிராம் சீஸ், 57 கிராம் தேயிலை, ஒரு முட்டை. அளவுகள் அவ்வப்போது மாறும், ஆனால் தாராளமாக ஒருபோதும் இருந்ததில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட அமெரிக்காவிலிருந்து முட்டைப் பொடி கப்பலில் வந்தது. பல ஊர்களின் சொந்தச் சீஸ் வகைகளை நிறுத்தி, பெரும்பாலும் ஒரே வகைச் செடாரைத்தான் அரசு செய்யவிட்டது. மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் ரேஷனுக்குள் வரவில்லை. மக்களின் மனநிலைக்கு அது முக்கியம் என்று அரசு கருதியது.

போர் 1945இல் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி 1946இல் வந்தது, 1948இல்தான் விலகியது. மிட்டாய்க்கு 1953, இறைச்சிக்கு 1954 ஜூலை 4. வெங்காயம்கூடத் தேடி அலைந்த காலத்தில் சமையல் பழகியவர்கள் மிளகையும் பூண்டையும் தாராளமாகப் போட எங்கே கற்பார்கள்? 'பிரிட்டன் சாப்பாடு சப்பென்று இருக்கும்' என்ற பெயரில் பெரும்பங்கு அந்த வருடங்களில் சம்பாதித்தது.

அமெரிக்காவிலும் ரேஷன் இருந்தது. 1942இல் வந்தது, 1947க்குள் கடைசியாகச் சர்க்கரையும் விலகியது. 1948இல் மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்கத் தொடங்கினார்கள். காரில் வந்து, மலிவாக வாங்கி, வேகமாகச் சாப்பிடும் வழக்கம் அங்கே வேர்விட்டபோது, பிரிட்டனில் இறைச்சிக்குக் கூப்பன் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் முதல் மெக்டொனால்ட்ஸ் 1974இல்தான், தென்கிழக்கு லண்டனின் வுலிச்சில் திறந்தது.

மதியம் சாண்ட்விச், இரவில் கறி

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் சாண்ட்விச்சைத்தான் நம்புகிறார்கள். வாங்கும் விதம் வேறு. பிரிட்டனில் முக்கோணப் பெட்டியில் அடைத்த குளிர்ந்த சாண்ட்விச்சை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1980இல் இதைத் தொடங்கியது. இப்போது சாண்ட்விச், சிப்ஸ், பானம் மூன்றும் சேர்ந்து 'மீல் டீல்' என்ற பெயரில் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. அமெரிக்க 'டெலி'யில் கண்முன்னே செய்து தருவார்கள். எந்த ரொட்டி, எந்தச் சீஸ், எந்தச் சாஸ், சூடாக்கவா என்று கேள்விமேல் கேள்வி வரும். ஒரே சாண்ட்விச்சை இரண்டு வேளைக்குப் பங்கிடலாம், இறைச்சி அவ்வளவு அடுக்கியிருக்கும்.

இரவில் காரம் தேடும்போது இரண்டு நாடும் வேறு வேறு திசையில் போகின்றன. பிரிட்டன் தன் பழைய சாம்ராஜ்யத்தின் பக்கம் திரும்புகிறது. அங்குள்ள 'இந்தியன்' ஹோட்டல்களில் பல, இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்துபவை. சிக்கன் டிக்கா மசாலா உண்மையான பிரிட்டன் தேசிய உணவு என்று வெளியுறவு அமைச்சர் ராபின் குக் 2001இல் பேசினார். சென்னையில் வெள்ளைக்காரர்கள் குடித்துப் பழகிய மிளகுத் தண்ணீர், 'மல்லிகடானி' சூப்பாக உருமாறி அங்கே டின்னில் கிடைக்கிறது. அமெரிக்கா தன் தெற்கு எல்லைப் பக்கம் திரும்புகிறது. டாக்கோ, சல்சா, அவகாடோ அங்கே வீட்டுச் சாப்பாடாகிவிட்டன.

நேரத்திலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வட இங்கிலாந்தில் 'டீ சாப்பிட வாருங்கள்' என்று அழைத்தால் பல வீடுகளில் அது இரவுச் சாப்பாட்டு அழைப்பு. பசியோடு போகலாம்.

கப்பா, தராசா?

இணையத்தில் பார்த்து கேக் செய்கிறவர்களுக்கு இது உபயோகமான பகுதி. அமெரிக்கக் குறிப்பில் மாவு 'கப்' கணக்கில் வரும், பிரிட்டன் குறிப்பில் கிராமில் வரும். 1896இல் ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம், கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்கும் முறையை அமெரிக்க வீடுகளில் நிலைநாட்டியது. பிரிட்டனில் சமையலறைத் தராசு நிலைத்தது.

அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. ஒரு கப் மைதா சுமார் 120 முதல் 140 கிராம் வரை வரும். அழுத்தி நிரப்பினால் இன்னும் ஏறும். கேக் கல்லாகிப்போவதற்கு இது ஒரு காரணம். வெண்ணெய் 'ஒரு ஸ்டிக்' என்றால் 113 கிராம். அமெரிக்க ஓவன் சூட்டை ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். 350 என்று பார்த்தால் செல்சியஸில் அது சுமார் 175. பைன்ட்டும் ஒன்றல்ல. பிரிட்டனில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி.

பில் வரும்போது

அமெரிக்க மெனு கார்டில் 20 டாலர் என்று இருந்தால் கொடுக்க வேண்டியது 20 அல்ல. விற்பனை வரி பிறகு சேரும், அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். இது விருப்பம் என்று பெயர்தான். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் நேரடிச் சம்பளம் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் நிரப்பட்டும் என்பது 1991இலிருந்து மாறாத மத்தியச் சட்டம். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. மற்ற பல இடங்களில் டிப்ஸ் வைக்காமல் எழுந்துபோவது சர்வரின் கூலியில் கை வைப்பதுதான். அவர் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து 'எல்லாம் நன்றாக இருக்கிறதா' என்று சிரித்துக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

பிரிட்டனில் மெனு விலையில் வரி அடங்கியிருக்கும். சர்வருக்கு முழுக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. பல ஹோட்டல்கள் 12.5 சதவீதம் சேவைக் கட்டணத்தை பில்லிலேயே சேர்த்துவிடும். அது இருந்தால் தனியாக டிப்ஸ் தேவையில்லை. பப்பில் கவுன்டருக்குப் போய் நீங்களே ஆர்டர் கொடுக்க வேண்டும், அங்கே டிப்ஸ் வழக்கமில்லை. மிச்சமான சாப்பாட்டைப் பெட்டியில் கட்டித்தரச் சொல்வது அமெரிக்காவில் சர்வசாதாரணம். பிரிட்டனில் இன்னும் சிலர் கூச்சப்படுகிறார்கள்.

இனி என்ன ஆகும்?

வேறுபாடுகள் குறைகின்றன என்பதும் உண்மை. 1998இல் ஸ்டார்பக்ஸ் பிரிட்டனுக்குள் வந்தது. இன்று லண்டன் தெருக்களில் பழைய டீக்கடையைவிடக் காப்பிக்கடைதான் கண்ணில் படும். அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கெட்டில் விற்கிறது. நியூயார்க்கில் பிளாக்கரன்ட் மறுபடி விளைகிறது. ஆனால் காரணம் போனதும் பழக்கமும் போய்விடுவதில்லை. தடை நீங்கிய பிறகும் அமெரிக்க ஊதா மிட்டாய் திராட்சையாகத்தான் இருக்கிறது. ரேஷன் முடிந்து எழுபது ஆண்டு கடந்தும் டோஸ்ட் மேல் பீன்ஸ் இருக்கிறது.

புதிய காரணங்களும் உருவாகிக்கொண்டேதான் இருக்கின்றன. 2018 ஏப்ரலில் பிரிட்டன் சர்க்கரைப் பானங்களுக்குத் தனி வரி போட்டது. 100 மில்லியில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் வரி என்றதும், பல நிறுவனங்கள் வரி வருவதற்கு முன்பே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் ஹோட்டல்களில் சர்க்கரைப் பானங்களை இலவசமாக மறுபடி நிரப்பித் தருவதற்கும் தடை வந்துவிட்டது. அமெரிக்காவில் அந்த இலவச நிரப்பல் இன்னும் வாடிக்கையாளரின் உரிமைபோல நடக்கிறது. இன்றைய பிரிட்டன் குழந்தைகள் இனிப்புக் குறைந்த பானத்தையே சரியான ருசி என்று பழகி வளரப்போகிறார்கள். முப்பது வருடம் கழித்து ஓர் அமெரிக்கர் அதைக் குடித்துப் பார்த்து முகம் சுளித்தால், பிரிட்டன்காரர்களின் நாக்கே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். உண்மையான காரணம் 2018இன் வரிச் சட்டத்தில் இருக்கும்.